ஐயாயிரம் என்று எழுதிய பேட்டரி

மின்சாதனச் சந்தையில் அவளை எல்லோரும் 'தராசு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே முக்கோணமாக எஞ்சியிருந்த இடத்தில் அவள் கடை. நிமிர்ந்து நின்றால் தலையில் படி இடிக்கும். பேட்டரி, சார்ஜர், டார்ச் லைட் விற்பாள். பழுதான ரிமோட்டுகளைப் பற்றவைத்துக் கொடுப்பாள். எந்தப் பேட்டரி வந்தாலும், தங்கத்தை நிறுப்பது போல ஒரு சின்னத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவாள். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் பதினோரு வருடம் பேட்டரி தொழிற்சாலையில் செல்களைத் தரம் பிரித்தவள். புருஷன் கை நீட்டுகிறவன். ஒருநாள் அவன் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதியபோது, கைக்கு எட்டிய இஸ்திரிப்பெட்டியால் அவன் முழங்காலைப் பெயர்த்துவிட்டு, உடுத்திய துணியோடு வெளியே வந்தாள். "ஒரே அடிதான். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து" என்பாள், சிரிக்காமல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கறிக்கடைக்காரன் ஒருவன் அவள் கடைக்கு வந்தான். தூண் மாதிரி உடம்பு. கையில் ஒரு பழைய கேம் பெட்டி. உள்ளங்கையில் அடங்குகிற, இரண்டு பென்சில் பேட்டரி போட்டு ஓடுகிற வகை.

"என் தங்கச்சிக்குக்கா. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் வலது கையை அசைக்கக் கூடாது. இடது கையால இதுல மேல இருந்து விழுற கட்டையை அடுக்கி விளையாடிட்டே படுத்திருப்பா. பாதியில நின்னுபோச்சுன்னா நர்ஸ்ல இருந்து டாக்டர் வரைக்கும் ஒருத்தரையும் திட்டாம விட மாட்டா. சார்ஜ் ஏத்துற பேட்டரியா குடுங்க."

அவள் இரண்டு செல்களை எடுத்து வைத்தாள். அவன் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று உறையில் போட்டிருந்த எண்ணைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ரெண்டாயிரம்தானா? எதிர்க்கடையில ஐயாயிரம்னு போட்டு வச்சிருக்கானே?"

"எழுதுறதுக்கு என்னண்ணே, கையா வலிக்கப் போகுது? இந்த சைஸுல ஐயாயிரம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இதுல ரெண்டாயிரம்னா நிஜமாவே ரெண்டாயிரம் இருக்கும். சும்மா வச்சாலும் சீக்கிரம் இறங்காது. நாலு மணி நேரம் என்ன, நாள் முழுக்க அடுக்கட்டும்."

"பெட்டியில ஒண்ணரை வோல்ட்டுன்னு போட்டிருக்கு. இதுல ஒண்ணு புள்ளி ரெண்டுதான் இருக்கு."

"இந்த வகை அப்படித்தான் இருக்கும். பெட்டி நல்லாவே ஓடும். கூடினாதான் ஆபத்து."

அவன் தலையாட்டினான். ஆனாலும் கால்கள் எதிர்க்கடைக்குத்தான் போயின. அந்தக் கடைக்காரனுக்குச் 'சிரிப்பு' என்று பேர்; வாய் ஓயாமல் சிரித்தே சரக்கைத் தள்ளிவிடுவான். கறிக்கடைக்காரன் ஐயாயிரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனதைத் தராசு அக்கா பார்த்தாள். போகிறவனை இழுத்துப் பிடித்தா வியாபாரம் செய்ய முடியும்?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவன் திரும்பி வந்தான். சட்டையெல்லாம் கரி. கக்கத்தில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. நேராகச் சிரிப்பின் கடைக்குப் போய், அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"வெடிச்சிருச்சுடா! என் தங்கச்சி கையிலயே வெடிச்சிருச்சு! ஒரு கையில ஊசி, எந்திரிச்சு ஓடக்கூட முடியல அவளால. உள்ளங்கை வெந்துபோச்சுடா!"

சிரிப்புக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பொய் வந்தது.

"அண்ணே, அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே! அந்தப் படிக்கட்டுக்காரிதான் உறை ஒட்டித் தர்றா. நான் வாங்கி விக்கிறேன், அவ்வளவுதான்!"

கறிக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். ஐயாயிரம் கிடையாது என்று அடித்துச் சொன்னவள் இவள்தானே? உள்ளே என்ன இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? கோபத்தில் இருந்தவனுக்கு அந்தக் கணக்கு சரியாகவே பட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் கண்ணாடிப் பலகை நொறுங்கியது. முடியைப் பிடித்து இழுத்து, தலையைப் படியின் அடிப்பக்கத்தில் மோதினான். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. விழுந்தவளை விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். ஒருவனும் நகரவில்லை.

மூன்றாவது உதைக்கு அவன் காலைக் கட்டிக்கொண்டு கெண்டைக்காலில் பல் பதியக் கடித்தாள். அவன் அலறிக்கொண்டு பின்வாங்கினான்.

"செல்லைக் காட்டுடா!" என்று கத்தினாள். "அப்புறம் கொல்லு. முதல்ல செல்லைக் காட்டு!"

என்ன நினைத்தானோ, பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வீசினான். ஒன்று வெடித்துக் கருகியிருந்தது. மற்றது முழுசாக இருந்தது. ரத்தக் கையோடு பிளேடை எடுத்து முழுசாக இருந்ததன் பச்சை உறையைக் கீறினாள். அடியில் இன்னொரு உறை. சாம்பல் நிறம், பழசு.

"படி."

"மூணு... புள்ளி ஏழு."

"குப்பையில போட்ட லித்தியம் செல். பார்க்க ஒரே சைஸ். ரெண்டு போட்டா ஏழு வோல்ட்டுக்கு மேல ஏறும். உன் பெட்டி தாங்கவேண்டியது மூணு. வெடிக்காம என்ன பண்ணும்?" மூச்சு வாங்கியது. "என்கிட்ட இருக்கிறதை எல்லாம் உரிச்சுப் பாரு. இந்தப் பச்சை உறை யார்கிட்ட சுருள் சுருளா இருக்குன்னு அவன் பலகைக்கு அடியில போய்ப் பாரு."

அந்தக் கடைசி வார்த்தையைத் தான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் பின்னாளில் பலமுறை சொன்னாள்.

சிரிப்பு ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தான். கறிக்கடைக்காரன் காலைக் கொடுத்துத் தடுத்து, ஒரே தூக்கில் மேலேற்றினான். பலகைக்கு அடியிலிருந்து பச்சைச் சுருள் உருண்டு வந்தது. அவன் சாக்கைப் பிரித்தான். எலும்பு வெட்டுகிற கத்தி.

சிரிப்பு முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினான். கத்தி இறங்கியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் சார்ஜர் பெட்டிகளுக்கு நடுவே போய் விழுந்தன. கத்தி மறுபடி ஓங்கியது. இந்த முறை கழுத்துக்கு.

தராசு அக்காவின் கடையில் ஈயம் பற்றவைக்கும் மின்கம்பி காலையிலிருந்தே சூட்டில் இருந்தது. ஒயரோடு பிடுங்கிக்கொண்டு ஓடினாள். விலா முறிந்தவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கிய மணிக்கட்டில் கம்பியை வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கிய நாற்றம் அடித்தது. கத்தி விழுந்தது. அவனுடைய மறு கை அவள் வாயில் இறங்கி, இரண்டு பல்லைக் கொண்டுபோனது. ஆனாலும் கத்தியின் மேல் ஏறி நின்றவள் காலை எடுக்கவில்லை.

அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அதுவரை வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு அப்போதுதான் வீரம் வந்தது. உட்கார்ந்திருந்தவனை மிதித்தார்கள், முக்காலியால் முதுகில் அடித்தார்கள். "விடுங்கடா, அவன்தான் உட்கார்ந்துட்டானே!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். போலீஸ் வருகிறவரை யாரும் விடவில்லை.

அவளுக்கு நெற்றியில் ஒன்பது தையல், மூன்று விலா எலும்பு முறிவு. நீதிமன்றத்தில் கத்தியையும் சொன்னாள், பச்சைச் சுருளையும் சொன்னாள். கறிக்கடைக்காரனுக்கு நான்கு வருடம். சிரிப்புக்கு ஒன்றரை.

தீர்ப்பு வந்து இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் கடைமுன் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும், வெளுத்த முகம். இடது உள்ளங்கையில் சுருங்கிய புதுத் தோல்.

"நீங்கதானே என் அண்ணன் கையைச் சுட்டது?"

"ஆமா."

"தழும்பு இன்னும் மறையலையாம்."

"எனக்கும் ரெண்டு பல்லு இன்னும் முளைக்கலம்மா."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. பையிலிருந்து வேறொரு கேம் பெட்டியை எடுத்தாள். யாரோ கொடுத்த பழசு.

"பேட்டரியைத் தொடவே பயமா இருக்குக்கா. ஆனா இது இல்லாம அந்த நாலு மணி நேரம்... மெஷின் சுத்துறதையே பாத்துட்டுக் கிடக்கணும்."

தராசு அக்கா நான்கு செல்களை எடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தாள். இருபத்தேழு கிராம். அந்தப் பச்சை உறை செல் பத்தொன்பதுதான் இருந்தது என்று சொல்லி, அவள் கையிலேயே கொடுத்துக் கனம் பார்க்க வைத்தாள். மீட்டரில் எண்ணைக் காட்டினாள். எடையும் எண்ணும் ஒத்துப்போன இரண்டைச் சேர்த்துப் பெட்டியில் போட்டாள்.

"எடுத்துட்டுப் போகாதே. நாலு மணி நேரம் இங்கேயே ஓட்டு. நான் பிடிச்சுக்கிறேன், நீ அடுக்கு."

அந்தப் பெண் முக்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியின் அடிப்பக்கம், பேட்டரி மூடியின் மேலே, தராசு அக்கா தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். சூடு ஏறினால் முதலில் அவள் கைக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர்களுக்கு ஒற்றைக் கையாலேயே டார்ச் லைட் எடுத்துக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில், அந்தப் பெண் ஒரு நீளக் கட்டையைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டு, சந்தையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"பேட்டரி இன்னும் குளிர்ந்துதான் இருக்கு. நீதான் சூடாயிட்டே. ஆடு" என்றாள் தராசு அக்கா.