பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆறு பேட்டரி சைக்கிள்கள்

வாடகை சைக்கிள் தொழிலில் சைக்கிளைப் பற்றித் தெரிந்திருப்பது கால்பங்கு, அதில் ஏறி உட்காருகிறவரைப் பற்றித் தெரிந்திருப்பது முக்கால்பங்கு. துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர்களே, லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிறவர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நாம் எல்லாரும் ஒரே வண்டியில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

நான் வேலை பார்ப்பது பேச்சிப்பாறை அணைக்கு மேலே, ஒரு சின்ன விடுதியில். அங்கே மலைப்பாதைக்கென்றே செய்த ஆறு பேட்டரி சைக்கிள்கள் உண்டு. தடித்த டயர், மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வந்து, சார்ஜ் பார்த்து, ஹெல்மெட் மாட்டிவிட்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போவது என் வேலை. ஒன்பதாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போன ஒரே தகுதியில் கிடைத்த வேலை.

பாதை எங்களுடையது இல்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பாதை. ரப்பர் பால் எடுக்கிறவர்கள் ஒரு புகார் சொன்னாலும் அன்றைக்கே கேட்டைப் பூட்டிவிடுவோம் என்ற நிபந்தனையில்தான் தோட்டத்து சூப்பர்வைசர் சம்மதித்தார். அவரிடம் எங்களுக்காகப் பேசியது தங்கபாய் அக்கா. இருபது வருஷமாக அங்கே ரப்பர் வெட்டுகிறவர். பாதை போனால் என் வேலையும் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

டர்போ

சைக்கிளில் சார்ஜை மிச்சம் பிடிக்க ஈகோ, முழு வேகத்துக்கு டர்போ என்று பொத்தான்கள் உண்டு. டர்போவை ஏற்றத்துக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்வேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு அண்ணன் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே டர்போவை அமுக்கிவிட்டுப் பறந்தார். நாலாவது வளைவில் அவரைப் பிடித்தேன். சைக்கிளைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பேட்டரி போனால் அது சைக்கிள் இல்லை, இரும்பு. என் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டு அவருடையதை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். கூடவே மெதுவாக ஓட்டி வந்த அவர் ரொம்பப் பரிவாகக் கேட்டார்: "ஏம்மா, இதையும் டர்போவுல போட்டுத் தள்ளலாம்ல?"

ஞாயிற்றுக்கிழமை மனிதர்

அந்தப் பாதையில் நாங்கள் மட்டும் ஓடவில்லை. நாகர்கோவிலிலிருந்து ஒரு பேங்க்காரர் ஞாயிறுதோறும் வருவார். பேட்டரி இல்லாத சாதாரண மலை சைக்கிள். நெஞ்சில் ஒரு சிகிச்சை முடிந்தவர். டாக்டர் சம்மதித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகிக்கொண்டிருந்தார். முதல் வாரம் இரண்டாவது வளைவு வரை, அடுத்த மாதம் மூன்றாவது வரை. எங்கே நின்றாரோ அங்கே ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

அவர் நான்காவது வளைவைத் தொட்ட அன்றைக்கு எங்கள் விருந்தாளிகள் ஐந்து பேர், வியர்வை இல்லாமல், பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு பிள்ளை ஒற்றைக் கையால் செல்ஃபி எடுத்தது. ஏற்றத்தில் மிதித்துப் போகிறவரைத் தாண்டாதீர்கள், வளைவு வரை பின்னாலேயே வாருங்கள் என்று ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவர் இறங்கி நின்று தண்ணீர் குடித்தார். கோபமே இல்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் வரவில்லை. அன்றைக்கு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் மலை ஏறுறதாத்தான் நினச்சிட்டிருந்தேன் மோளே, உங்க ஆளுவளப் பாத்த பிறகுதான் நின்ன எடத்துலயே நிக்கேன்னு தெரிஞ்சுது."

மணி

பேட்டரி சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. அதனால் ஆறிலும் மணி வைத்திருந்தோம். விருந்தாளிகள் குரங்கைப் பார்த்தாலும் அடிப்பார்கள், அணையைப் பார்த்தாலும் அடிப்பார்கள். சங்கடம் என்னவென்றால், தோட்டத்துப் பாதையில் அதுவரை சைக்கிளில் மணி அடித்து வந்த ஒரே ஆள் சூப்பர்வைசர். மணி கேட்டால் பால் சுமக்கிறவர்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அது அவர்களுக்குப் பழக்கம். எடுத்த பாலை உறையும் முன்னால் ஷெட்டில் சேர்த்தாக வேண்டும் என்பதும் அவர்கள் அவசரம்.

ஒரு நாள் தங்கபாய் அக்கா என்னை மடக்கினார். "ஏட்டி ஷைனி, ஒனக்க ஆளுவ மணி அடிக்கியதுக்கெல்லாம் நான் வாளிய இறக்கி இறக்கி வச்சா, ஷெட்டுக்குப் போறதுக்குள்ள பாலு தயிராயிரும், கேட்டியா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே ஆறு சைக்கிள் மணிகளையும் கழற்றிவிட்டேன். நான் முன்னால் போவேன், வாளியோடு ஆள் தெரிந்தால் கை காட்டுவேன், எல்லாரும் நின்று பின்னாலேயே நடந்து வர வேண்டும். இதுதான் புதுச் சட்டம். நாலு மாதம் அருமையாக நடந்தது. அக்காவுக்கும் பரம திருப்தி. எங்கள் மெக்கானிக் ஜஸ்டின் அண்ணன் மட்டும் கழற்றிய மணிகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டுச் சொன்னார்: "நீ முன்னால போற வரைக்கும் சரி மோளே, நீ இல்லாத அண்ணைக்கு இது பாம்பு வாற மாதிரில்லா வரும்."

அங்கன்வாடியிலிருந்து போன்

அந்த நாள் வந்தது. மழை விட்ட காலை. இறக்கத்தில் போன் அடித்தது. மகள் வாந்தி எடுத்தாள் என்று அங்கன்வாடி டீச்சர். சைக்கிளை ஓரம் நிறுத்தி, ஒரே நிமிஷம் பேசினேன். பின்னால் வந்த விருந்தாளித் தம்பி ஒருவன் என்னைத் தாண்டி இறங்கிப் போனதைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். காதில் டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

அவன் வேகமாகப் போகவில்லை. பிரேக்கும் பிடித்தான். இடிக்கவும் இல்லை. ஆனால் தங்கபாய் அக்காவுக்கு அவன் வந்ததே தெரியாது. முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நெரிபட்ட சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பி, மழைத்தண்ணீர் ஓடும் சாலில் கால் வைத்துவிட்டார். நான் ஓடிப்போனபோது பாதை முழுக்க வெள்ளையாகப் பால். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "என்ன நடந்துது?" என்றார். என்னிடம்தான் முதலில் கேட்டார். மணியைக் கழற்றியது நான், முன்னால் போகாதது நான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. கேட் பூட்டுகிற சத்தம் காதில் கேட்டதுபோல் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அக்காதான் கீழே இருந்தபடியே சொன்னார்: "சைக்கிளு பக்கத்துல கூட வரல்ல சாறே, எனக்க காலு வழுக்கிச்சு."

மாவுக்கட்டு பிரித்த பிறகு

எலும்பு கூடிவிட்டது. ஆனால் ரப்பர் வெட்டுக்கு மணிக்கட்டு வளைந்து கொடுக்க வேண்டும். பட்டை மட்டும் சீவி, உள்ளே இருக்கும் தடிக்குக் காயம் படாமல் கத்தியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அக்காவின் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது. இப்போது ஷெட்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலை. அதில் சம்பளம் பரவாயில்லை என்கிறார். பரவாயில்லை என்று அவர் சொல்லும் விதத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மணிகளை மறுநாளே மாட்டிவிட்டேன். சூப்பர்வைசரிடம் போய் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை கிளம்பினேன். அக்காவைப் பொய் சொன்னவராக ஆக்கிவிடுவேனே என்று எனக்கு நானே நியாயம் சொல்லித் திரும்பிவிட்டேன். நியாயம் சொல்ல எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

போன வாரம் தார் ரோட்டில் அக்காவைப் பார்த்தேன். தோட்டத்துப் பாதையில் பத்து நிமிஷத்தில் போக வேண்டிய ஷெட்டுக்கு, அரை மணி நேரம் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சூப்பர்வைசர்ட்ட நான் சொல்லீருதேன்" என்றேன். "சொன்னா எனக்க கை நிமிருமா? பிள்ளைய வச்சிட்டு வேல இல்லாம என்ன செய்ய போற?" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் இப்பிடியே போறேன் மக்கா. அந்தப் பாதையில இலை விழுந்தாலும் நான் திரும்பித் திரும்பிப் பாக்கேன், கழுத்து கடுக்கு."

இப்போது எங்கள் பாதையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, புகாரும் இல்லை. புகார் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் அந்தப் பக்கம் வருவதில்லை.