பழைய பிரசவ ஆஸ்பத்திரி இடம்

நான் கவுன்சிலராக இருக்கும் வார்டில், நரிக்குடி பஸ் நின்று போகிற முக்கில் நகராட்சியின் பழைய பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் வந்ததும் இதைப் பூட்டிவிட்டார்கள். ஓடுகள் சரிந்து, ஜன்னல் கம்பிகளை யாரோ அறுத்துக்கொண்டு போன பிறகு, சுவர்கள்தான் நின்றன.

அந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் நான் உட்கார்ந்த முதல் கூட்டத்தின் கடைசிப் பொருள். அடுத்த கூட்டத்திலும் அதுவே கடைசி. கடைகள் கட்டலாம் என்றார்கள், கல்யாண மண்டபம் என்றார்கள். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், ஒத்திவைப்பார்கள். ஸ்பின்னிங் மில்லில் வருஷக்கணக்காக நின்றே தேய்ந்த முழங்கால் எனக்கு. மாடிப்படி ஏறி இறங்கியதுதான் மிச்சம்.

அந்த முக்கில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்து காய்கறி விற்கிற பெண் ஒருத்தி உண்டு. சொந்தமில்லை, பழக்கத்தில் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவளுக்கு இங்கே ஓட்டுக்கூட இல்லை. நான் ஜெயித்த மறுநாள் ஒன்று கேட்டாள்.

“பொம்பளைக ஒதுங்க ஒரு எடம் பண்ணிக் குடுங்க மதினி. காலையில பஸ்ஸு ஏறுனா வீடு போய்ச் சேருற வரைக்கும் தண்ணி குடிக்கவே பயமா இருக்கு.”

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைகள் கட்டும் திட்டம் மறுபடி வந்த கூட்டத்தில் எழுந்து, “கடை கட்டுங்க. அதோட பொம்பளைகளுக்கு ரெண்டு கக்கூஸும் சேத்துக் கட்டுங்க” என்றேன். பக்கத்து வார்டு உறுப்பினர் சிரித்தார்.

“ஒங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா, பேசிக்கிருவோம்.”

“அவுகளுக்கு இங்க என்ன வேல? நான்தான கவுன்சிலரு.”

பொறியாளர்தான் மெதுவாகக் கேட்டார், “கட்டிரலாம்மா. தண்ணிக்கு எங்க போறது?” குடிக்கிற தண்ணீரையே முறை வைத்து விடுகிற ஊர். நியாயமான கேள்விதான்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது எனக்குத் தெரியும். என் மகள் அங்கேதான் பிறந்தாள். மறுநாள் பொறியாளரைக் கூட்டிப்போய்ப் பூட்டை உடைக்கச் சொன்னேன். கயிறு கட்டி வாளியை இறக்கினோம். வெகு ஆழத்தில் தண்ணீர் தட்டுப்பட்டது. அவர் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார்.

“உப்புத்தான். கழுவுறதுக்கு ஆகும்” என்று சொல்லி, வரைபடத்தின் மூலையில் பென்சிலால் இரண்டு கட்டங்கள் போட்டார்.

அடுத்த கூட்டத்தில், பழையதை இடித்துக் கடைகளும் கக்கூஸும் கட்டத் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். ஒரே வாரத்தில் இயந்திரம் வந்து முழுவதையும் இடித்துத் தள்ளியது, சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார்கள்.

சந்தோஷமாக மதினியிடம் ஓடினேன். அவள் சாக்கை உதறிக்கொண்டே இருந்தாள், முகம் கொடுக்கவில்லை.

“என்ன மதினி, கேட்டது வரப்போகுது. பேச மாட்டேங்கிறீக?”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். “பின்னாடி செவுரு ஒண்ணு இருந்துச்சுல்ல. முடியாமப் போறப்ப அந்த மறைவுலதான் ஒதுங்குவோம், நாலஞ்சு பேரு. இப்ப அதுவும் இல்ல. இத ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

தினமும் அந்த வழியாகப் போகிறவள் நான். ஒரு நாளும் தோன்றவில்லை.

பிறகு டெண்டர் விட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. மறுபடி விட்டார்கள், அப்போதும் அப்படியே. பொறியாளர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நான் போய் நிற்கும்போதெல்லாம், “பாப்போம்மா” என்கிறார். சண்டை போடவும் தெம்பில்லை, விட்டுவிடவும் மனசில்லை. வாரம் ஒரு தரம் போய் நிற்கிறேன்.

என் வீடு மூன்று தெரு தள்ளி. அங்கே வந்து போகச் சொன்னேன். “காயை யாரு பாக்குறது?” என்றாள். அதனால் வெயில் ஏறியதும் நான் போய் அவள் சாக்கில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் போய்விட்டு வருகிறாள். அடுத்து பூ விற்கிறவள் போகிறாள். நேற்று என் வார்டுக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன கவுன்சிலரம்மா, கடை போட்டுட்டீகளா?”

“ஆமா” என்றேன். அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன்.