இப்போதைக்குப் போட்ட கூரை

தில்லை அண்ணன் இறந்த செய்தி காலையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் என்றாலும் போனில்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் பேசினாள். "அன்ரி, அப்பா மோசம் போயிட்டார்." வெளியே நல்ல மழை. போனை வைத்ததும் என் கண் எங்கள் இரு வீட்டுச் சமையலறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவருக்குப் போனது. மழை பெய்தால் அந்தச் சுவரைப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். சுவர் காய்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் அவருடைய மளிகைக் கடைக்குப் போனவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர். முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பவர்களை முறைப்பார். பிறகு நல்லதாக இரண்டை அவரே பொறுக்கிப் போடுவார். இல்ஃபோர்டில் சுவரோடு சுவராக அவருக்குப் பக்கத்தில் வாழ்ந்த எனக்குத் தெரிந்தது வேறு மனிதர். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தவர். அலமாரிமேல் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. கூடத்து விளக்குக்கு மூடி கிடையாது. கேட்டால், "இப்போதைக்கு இது காணும், பிள்ளை" என்பார். அவர் ஊர்ப் பேச்சில் காணும் என்றால் போதும்.

அந்த "இப்போதைக்கு" கூரைக்கும் போனதுதான் வினை. வீட்டை வாங்கியதும் பின்னால் ஒரு சமையலறை கட்டினார். நாற்பது வருடம் நிற்கும், குளிர் இறங்காத கூரை ஒன்று உண்டு என்று கட்டியவன் சொல்லியிருக்கிறான். "நாப்பது வருசமோ? நாங்கள் என்ன இங்கயே சாகவோ போறம் எண்டு கேட்டனான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். மரத்தூள் பலகை, மேலே தார்த் தாள். மலிவுக்கு அதுதான் கிடைத்தது.

அதன் கீழேதான் அவர் மனைவி வசந்தா அக்கா காலை முதல் மாலை வரை நின்றார். கறி மணம் தெருவுக்குப் போனால் வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று குளிர்காலம் முழுக்க ஜன்னல்களை இறுக மூடிச் சமையல் நடக்கும். புட்டு அவித்த ஆவி போக வழியின்றி மேலே ஏறும். குளிர்ந்த கூரையில் பட்டுத் தண்ணீராகும். பலகை அதைக் குடிக்கும். மேலே வெடிப்புகளில் தேங்கிய மழைநீர் உறைந்து தாளை இன்னும் பிளக்கும். ஒவ்வொரு வருடமும் அண்ணன் ஏணி வைத்து ஏறித் தார் பூசுவார். என் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. அக்காவுக்கு விடாத இருமல்.

நான் சும்மா இருக்கவில்லை. "அண்ணா, என் சுவரை விடுங்க, அக்கா மூச்சு வாங்குறது உங்க காதுல விழலையா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கிறேன். "வாற வருசம் ஊருக்குப் போயிடுவம், பிள்ளை. போற நேரத்தில ஏன் கூரைக்குச் செலவு?" என்றார். அதே பதிலை எத்தனையோ குளிர்காலங்களில் கேட்டுவிட்டேன். கோபத்தில் மாதக்கணக்கில் பேசாமலும் இருந்திருக்கிறோம்.

ஒரு தைப்பொங்கல் அன்று முந்தைய நாள் பெய்த பனி கூரையில் கல்லாக இறுகிக் கிடந்தது. அக்கா கூப்பிட்டார் என்று போனேன். அடுப்பில் பானை, பால் அப்போதுதான் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. மேலே பார்த்தேன். உள்கூரை வயிறு மாதிரி தொங்கியது. அதன் நடுவிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிந்தது. "அக்கா, வெளிய வந்துடுங்க! கூரை இறங்குது!" என்று அலறினேன். அவர் அசையவில்லை. "பொங்கப் போகுது. இப்ப விட்டிட்டு வரக் கூடாது."

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். மேலே ஏதோ முறிந்தது. "வசந்தா, வா!"

"இஞ்சருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ. பொங்குற நேரம்."

பொங்கும் பானையின் அடுப்பை யாராவது அணைப்பார்களா? அண்ணன் அணைத்தார். அணைத்த கையாலேயே அக்காவை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து விழுந்தார். பின்னாலேயே பலகையும் பனியும் சேர்ந்து அடுப்பின்மேல் இறங்கின. அக்கா ஓட்டை வழியே தெரிந்த வானத்தைப் பார்த்து அழுதார். பால் போயிற்றே என்றுதான் அழுதார்.

அண்ணன் படியில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் கடையில எல்லோ நிண்டனான். இதுக்குக் கீழ இவ்வளவு காலமும் நிண்டது அவள்."

அந்த வசந்தத்திலேயே புதுக் கூரை வந்தது. நாற்பது வருடம் நிற்கும் கூரைதான். என் சுவரையும் அவரே காயவைத்துப் பூசிக் கொடுத்தார். அலமாரிமேல் இருந்த பெட்டிகளை இறக்கிப் பிரித்தார். "ஊருக்குப் போகேல்லையா அண்ணா?" என்று அவர் பேச்சிலேயே சீண்டினேன். "இனி எங்க போறது? அவள் இருமாமல் இருந்தாக் காணும்" என்றார். இருமல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு, வெளியே உறைபனி கிடக்க, சமையலறை ஜன்னலை அவரே அகலத் திறந்து வைத்தார். "மணந்தா மணக்கட்டும். எங்கட வீடுதானே."

செத்த வீட்டில் அடுப்பு எரிப்பதில்லை. இந்த நாட்களில் அவர்களுக்கான சமையல் என் வீட்டில்தான் நடக்கிறது. நேற்று சோறு வடிக்கும்போது ஆவி கண்ணாடியை மறைத்தது. குளிருக்குப் பயந்து எப்போதும் மூடியே வைத்திருக்கும் ஜன்னலை என் கை தானாகத் திறந்தது. என் வீட்டு அலமாரிமேலும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன, ஒருநாள் என் ஊரான மதுரைக்குத் திரும்பிப் போக. தில்லை அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தத் திறந்த ஜன்னல். சாப்பாட்டைக் கொண்டுபோனபோது வசந்தா அக்கா, அண்ணன் போட்ட கூரையின் கீழே உட்கார்ந்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஒழுகுமோ என்று அக்கா மேலே பார்க்கவில்லை.