வெர்டீ மே ஆமென் சொல்லவில்லை

வெர்டீ மே கிரிம்ஸ் கோபப்பட ஊரில் ஒருவரும் இடம் கொடுத்ததில்லை. வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது கோபப்பட்டால் அது திமிர். ஆஸ்பத்திரியில் கோபப்பட்டால் வேலை போகும். சபையில் கோபப்பட்டால், "சகோதரி, சாந்தம், சாந்தம்" என்பார் பாஸ்டர். வீட்டிலோ, "வெளிய அவனுங்க மிதிக்கிறது போதாதா, உள்ள நீ வேறயா?" என்பான் கணவன் லூஷியஸ். அவளும் மனுஷிதானே, கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து இஸ்திரி இயந்திரத்தின் மேல் காட்டுவாள். அதுவும் சும்மா இருக்காது, பதிலுக்கு முழங்கையைச் சுட்டுவிடும்.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். சன்னல் கிடையாது. மேலே எட்டு வார்டுகளில் ரத்தமும் சீழும் பட்ட துணியெல்லாம் குழாய் வழியாகக் கீழே வந்து விழும். அங்கே வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் கறுப்புப் பெண்கள். மேலே அலுவலகத்தில் தட்டச்சு செய்யப் பெண்களை எடுத்தார்கள், வெள்ளைப் பெண்களை மட்டும். வார்டில் நோயாளிகளைத் தூக்கக் கறுப்பர்களை எடுத்தார்கள், ஆண்களை மட்டும். பெண்ணாகவும் கறுப்பாகவும் பிறந்தவளுக்கு நிலவறைதான். வெர்டீ மே பருத்திக்காட்டில் பிறந்து, பத்து வயதில் மூட்டை இழுத்து, பிறகு அடுக்களை, பிறகு நிலவறை என்று படிப்படியாக இறங்கி வந்தவள். இதைத்தான் ஊரில் முன்னேற்றம் என்றார்கள்.

1971 கோடையில் ஒருநாள் ஐடெல்லா என்ற பெண்ணின் கை இஸ்திரி உருளையில் மாட்டிக்கொண்டது. தோல் உரிந்து தொங்கியது. மேற்பார்வையாளன் வந்து பார்த்தான். "இந்த விரிப்பெல்லாம் முடிச்சிட்டு மேல கூட்டிட்டுப் போங்க" என்றான். ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை செய்கிறவளுக்கு ஆஸ்பத்திரி கிடையாது! வெர்டீ மே இயந்திரத்தை நிறுத்தினாள். ஐடெல்லாவின் கையை ஈரத்துணியில் சுற்றினாள். எல்லாப் பெண்களும் படியேறி வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். மறுநாள் காலையில்தான் லூஷியஸும் மற்ற வார்டு ஆண்களும் வேலையை நிறுத்தினார்கள்.

வேலைநிறுத்தம் என்றதும் குழு வேண்டுமே. பெத்தானி பாப்டிஸ்ட் சபையில் கூடிக் குழு அமைத்தார்கள். எல்லாரும் ஆண்கள். தலைவர் லூஷியஸ். பெண்களுக்கு என்ன கிடைத்தது? சபையின் கீழ்த்தளத்து அடுப்படி. கோடை முழுவதும் மீன் பொரித்தார்கள், கீரை வேகவைத்தார்கள், சோளரொட்டி சுட்டார்கள். மேலே கூட்டத்தில், "நாம் இனி யாருக்கும் ஊழியம் செய்யமாட்டோம்!" என்று ஆண்கள் முழங்குவார்கள். கீழே வந்து தட்டை நீட்டுவார்கள். அதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

லூஷியஸ் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயது ஆளை, நரைத்த மீசைக்காரனை, நேற்று வந்த சின்ன டாக்டர்கூட "பையா" என்று கூப்பிட்டான். வேலைநிறுத்த ஊர்வலத்தில் போலீஸ் நாய் அவன் தொடையைக் கடித்தது. அந்தக் காயத்துக்கு மருந்து போட்டவள் வெர்டீ மேதான். அவள் அவனை நேசித்தாள். கோபத்தை இன்னும் சிக்கலாக்கியது அதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தான். "இறங்கி வந்துட்டானுங்க, வெர்டீ! வார்டு ஆளுங்களுக்குச் சம்பளம் கூட்டுறாங்க. இனிமே பேரு சொல்லித்தான் கூப்பிடணும். ஞாயித்துக்கிழமை சபையில ஓட்டு."

"சலவைக்கூடம்?"

அவன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான். "அதை மூடிடுவாங்களாம். துணியை வெளிய குடுத்துடுவாங்களாம். உங்க விஷயத்தை அடுத்த சுத்துல பாத்துக்கலாம்."

"மொதல்ல வெளிய வந்து நின்னது யாரு?"

"யாரு இல்லேன்னா? ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. கறுப்பு ஆம்பளை நிமிர்ந்து நின்னாத்தான் வீடே நிமிரும்."

"நான் குனிஞ்சாத்தான் நீ நிமிர முடியும்னா, நீ ஏறி நிக்கிறது என் முதுகுல, லூஷியஸ். அங்கேருந்து இறங்கு."

அவன் இறங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் குழுவைப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் இன்னொரு கூத்து. நகரத்துப் பெண்ணுரிமைச் சங்கத்தின் தலைவி கரோலின் அம்மாள் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். வெர்டீ மே தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலைக்காரர்களுக்கான பின்வாசலை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகவே போனாள். உள்ளே பத்துப் பதினைந்து வெள்ளைப் பெண்கள். தேநீர்த் தட்டை ஏந்தி வந்தவள் அந்த வீட்டில் வேலை பார்க்கும் ஓரா லீ. வெர்டீ மேயோடு சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள்.

"உங்க ஆம்பளைங்க உங்களைக் கைவிட்டுட்டாங்க" என்றாள் கரோலின். "அதைப் பத்திரிகையில சொல்லுங்க. நாம எல்லாரும் பெண்கள், நம்ம கஷ்டம் ஒண்ணுதான். வீட்டுச் சிறையை விட்டு வெளிய வந்து வேலைக்குப் போறதுதான் விடுதலை."

"எங்களை வீட்டுல உக்கார எப்பம்மா விட்டாங்க?" என்றாள் வெர்டீ மே. "இந்தா நிக்கிறாளே ஓரா லீ, இவ உங்க புள்ளைங்களை வளத்து முடிச்சிட்டு எத்தனை மணிக்குத் தன் புள்ளைங்களைப் பாக்கப் போறா?"

"ஓரா எங்க வீட்டு மனுஷி மாதிரி!"

"மாதிரிதானே? ஒரு நாற்காலி போடுங்க. அவளும் பொம்பளைதான், உக்காந்து பேசட்டும்."

நாற்காலி வரவில்லை. வெர்டீ மே எழுந்தாள். "என் புருஷன்கிட்ட எனக்குச் சண்டை இருக்கு. அது என் சண்டை. அதை உங்க பத்திரிகையில குடுத்தா வேலைநிறுத்தத்தை உடைச்சு நாளைக்கு அவரை ஜெயில்ல போடத்தான் உதவும். எனக்கு உதவாது."

வாசல்வரை வந்த ஓரா லீ கிசுகிசுத்தாள். "உனக்கு வாய் ஜாஸ்திக்கா. என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவ போல."

"மன்னிச்சிக்கோடி. மிச்ச வாயை நாளைக்குன்னு வெச்சிருக்கேன்."

ஞாயிறு மாலை சபை நிரம்பி வழிந்தது. ஓட்டுக்கு முன்னால் தனக்குப் பேச நேரம் வேண்டும் என்று வெர்டீ மே பாஸ்டரிடம் கேட்டாள். பாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பேசுறவங்க மேடையிலதான் பேசணும். பொம்பளைங்க மேடை ஏறுறது நம்ம சபையில வழக்கமில்லையே, சகோதரி. ஒண்ணு செய்ங்க. கீழ நின்னு ஆரம்ப ஜெபம் பண்ணுங்க. உங்க ஜெபம் எப்பவும் உருக்கமா இருக்கும்."

அங்கேதான் மனிதர் தப்புக் கணக்குப் போட்டார். பெத்தானி சபையில் ஒருவர் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டால் யாரும் குறுக்கிட முடியாது. ஆமென் சொல்லும்வரை யாரும் தலை நிமிரவும் கூடாது, உட்காரவும் கூடாது. மூப்பர் ஆனாலும் சரி, தலைவர் ஆனாலும் சரி.

சபை எழுந்து தலை குனிந்தது. வெர்டீ மே கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, உமக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல!" என்றது சபை.

"ஐடெல்லா கை வெந்தப்ப நீர் அங்க இருந்தீர். மொதல்ல படியேறி வெளிய வந்தது யாருன்னு நீர் பாத்தீர். கோடை பூரா மீன் பொரிச்சது யாரு, உக்காந்து தின்னது யாருன்னும் பாத்தீர்."

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பும் "சொல்லும்மா!" என்ற குரலும் வந்தன. மேடையில் யாரோ இருமினார்கள்.

"எங்க ஆம்பளைங்களை ஆசீர்வதியும். அவங்க எங்களுக்கு எதிரி இல்ல. அவங்களைக் கடிச்ச நாயை எங்க மேலயும் ஏவினாங்க. அதுக்கு மேல எங்களுக்குன்னு தனியா ஒண்ணு நடந்துச்சு. பதினாறு வயசுல நான் சமையல் செஞ்ச வீட்டு ஐயா என்னைச் சரக்கறையில வெச்சுப் பூட்டினானே, அன்னிக்கு உம்மைத்தான் கூப்பிட்டேன். இந்தச் சபையில இருக்குற எத்தனை பொம்பளைங்க அப்படிக் கூப்பிட்டாங்கன்னு உமக்குத் தெரியும்."

இப்போது சிரிப்பு இல்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி, "தெரியும், ஆண்டவரே" என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கிழவி. லூஷியஸ் மேடைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இது புதுச் செய்தி.

"பொம்பளைங்கன்னு சொன்னா வெள்ளைக்காரம்மாங்க தங்களைத்தான் நெனைச்சுக்கறாங்க. கறுப்பருங்கன்னு சொன்னா எங்க ஆம்பளைங்க தங்களைத்தான் நெனைச்சுக்கறாங்க. எங்களை ரெண்டு கணக்குலயும் விட்டுடறாங்க. நாங்க அடித்தட்டுல நிக்கிறோம், ஆண்டவரே. எங்களைத் தூக்கிவிடாம இவங்க கட்டுற வீட்டுக்கு அஸ்திவாரமே இருக்காது."

பாஸ்டர் மெல்ல, "இயேசுவின் நாமத்தில், ஆ..." என்று ஆரம்பித்தார்.

"ஜெபம் இன்னும் முடியல, பாஸ்டர்!" என்றாள் ஐடெல்லா, கண்ணைத் திறக்காமலே.

"சலவைக்கூடத்தை விட்டுட்டுப் போடுற ஒப்பந்தம் இவங்க கையில இருக்குற வரைக்கும் நான் ஆமென் சொல்லமாட்டேன், ஆண்டவரே. இவங்களுக்குக் கால் வலிச்சா அதையும் உம்ம பாதத்துல வெக்கிறேன்."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். சபை நின்றது. கைவிசிறிகள் ஓய்ந்தன. ஒரு குழந்தை அழுது, தானாக ஓய்ந்தது. மூப்பர் ஒருவர் காலை மாற்றி மாற்றி ஊன்றினார். பெண்கள் வாய் திறக்காமல் முனகிப் பாடத் தொடங்கினார்கள். அந்த முனகல் தரைப்பலகையில் அதிர்ந்தது. குழுவினர் குனிந்த தலையோடு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் லூஷியஸ் குரல் கேட்டது. "ஆண்டவரே, அந்தக் காகிதத்துல நாங்க கையெழுத்துப் போடல. சலவைக்கூடம் இல்லாம யாரும் உள்ள போகமாட்டோம்."

குழுவில் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சம்மதம் சொன்னார்கள். கடைசி ஆள் சொல்லும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஆமென்" என்றாள் வெர்டீ மே.

இலையுதிர்காலம்வரை வேலைநிறுத்தம் நீண்டது. சலவைக்கூடம் மூடப்படவில்லை. கை மாட்டாதபடி இயந்திரங்களுக்குத் தடுப்பு போட்டார்கள். பெண்களுக்கும் சம்பளம் கூடியது, ஆனால் ஆண்களுக்குக் கூடிய அளவு கூடவில்லை. இதை முழு வெற்றி என்று யாராவது சொன்னால் வெர்டீ மே அவர்களை முறைப்பாள்.

ஜெபம் நடந்த அந்த ஞாயிறு, வீடு திரும்பும் வழியில் லூஷியஸ் கடைத்தெரு தாண்டிய பிறகுதான் கேட்டான்.

"அந்த ஆளைப் பத்தி ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அவனைத் தேடிப் போயிருப்ப. அவங்க உன்னை மரத்துல தொங்கவிட்டிருப்பாங்க. உன் உசிருக்காக இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன்." அவள் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ எனக்காக ஒரு சாயங்காலம் நிக்கிறதுக்குள்ள எவ்வளவு பாடு, லூஷியஸ்."