இரட்டை மேட்டில் ஒரு குழிவு

பேத்தேன் காட்டில் பழைய மாயா நகரங்களைத் தோண்டும் முகாமுக்கு எவாரிஸ்தாதான் சமையல்காரி. கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் அவள் கையால் சாப்பிடாதவர்கள் அங்கே கிடையாது. கணவனைப் பாம்பு கொண்டுபோயிற்று. ஒரே மகன் ஹெர்சன் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தாள். வருடங்களாக அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. செத்தவர்களுக்கு வைக்கும் ஒன்பது நாள் ஜெபத்தை அவனுக்கு வைக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை முறித்துக்கொண்டாள். உயிரோடு இருப்பவனுக்கு அதை வைத்தால், அந்த ஜெபமே அவனைக் கொன்றுவிடாதா?

விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த படம் அன்று வந்திருந்தது. கணினித் திரையில் மரங்களே இல்லை. மேடும் பள்ளமுமாகத் தரை மட்டும் தெரிந்தது.

"காட்டுக்கு இருந்த ஒரே துணியையும் உருவிட்டீங்களே சார்," என்றான் மண்வெட்டும் செப்பே.

ஆய்வாளர் லிசாந்த்ரோ சிரித்தபடி விரலை வைத்தார். "இந்தக் கீறலெல்லாம் புதையல் திருடனுங்க வெட்டுனது. இந்த ரெட்டை மேட்டுல குழிவு பாரு, அவனுங்க தோண்டுன சுரங்கம் பாதியில உள்வாங்கிடுச்சு."

"எவனாச்சும் உள்ள மாட்டியிருந்தா, கல்லறையில இருக்குற செத்த ராஜாவுக்குப் பேச்சுத் துணை," என்றான் செப்பே.

எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த எவாரிஸ்தாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. 'ரெட்டை மேட்டுல ஒரு பழைய சாடி கிடைச்சாப் போதும்மா, வித்துட்டு வடக்க போயிடுவேன்' என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனவன் ஹெர்சன். மகனைத் திருடன் என்று யாரிடம் சொல்வாள்? சொன்ன பொய்யை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

"தம்பி, அந்த மண்ண எடுக்கணும்," என்றாள் லிசாந்த்ரோவிடம்.

"அனுமதி வேணும்மா. அடுத்த கோடையிலதான் கிடைக்கும்."

"என் புள்ள உள்ள இருக்கான்."

விடிந்ததும் அனுமதிக்குக் காத்திராமல் தோண்டினார்கள். செப்பே தலை நிமிரவே இல்லை.

சரிந்த மண்ணுக்கு அப்பால் பழைய கல்லறை இடியாமல் இருந்தது. டார்ச்சோடு முதலில் உள்ளே போன லிசாந்த்ரோ வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். வாசலை மறைத்து நின்றார்.

"மண்ணு விழுந்ததுமே போயிருப்பான்மா. ஒரு நொடிதான்."

"வழி விடுங்க தம்பி."

தவழ்ந்து போனாள். லிசாந்த்ரோ பின்னாலிருந்து டார்ச்சைப் பிடித்தார். மகனின் எலும்புகள் மண்ணுக்கு அடியில் இல்லை. சுவரோரமாக, சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் கிடந்தன. வழியை அடைத்த மண்ணை ஒட்டிய சுண்ணாம்புச் சுவர் முழுக்க நகக் கீறல்கள். அவற்றில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அந்த வெளிச்சத்த அணைச்சிடுங்க தம்பி," என்றாள். "அவன் இருட்டுலதான இருந்தான். நானும் கொஞ்ச நேரம் இருக்கேன்."