மோட்டார் போடவா?

மெஷின் பேச வேண்டியதை எழுதித் தருவது என் பிழைப்பு. கேள்வி கேட்பது மெஷின், திட்டு வாங்குவது நான். புரோகிராம் எழுதிக் காலம் தள்ளும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

புதுக்கோட்டையில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. அந்தப் பெட்டிகளுக்குள் நான் சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடுகிறது.

பதில் வராவிட்டால்

ஒரு பெட்டியில் சின்னத் திரை. இன்னொன்றில் விளக்கும் பொத்தானும் மட்டும். வேறொன்றில் அதுவும் இல்லை, போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டியும் ஒரே கேள்விதான் கேட்கும்: 'மோட்டார் போடவா?' பெட்டி மாறினாலும் புரோகிராம் மாறக் கூடாது. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். பதிலே வராவிட்டால்? 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தேன்.

சர்வீஸ் பார்க்கும் மலருக்கு அது பிடிக்கவே இல்லை. "சார், மோட்டார் தானா ஓடணும்னுதான் பெட்டி வாங்குறாங்க. கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்க இல்ல."

கடலை காய்ந்த கதை

இலுப்பூர்ப் பக்கம் பழனிவேல் என்ற விவசாயி. ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனில் டவர் இல்லை. கரண்ட் வந்தது, பெட்டி கேட்டது, பதில் இல்லாமல் சும்மா இருந்தது, கரண்டும் போய்விட்டது. இப்படியே இன்னொரு தடவையும் ஆக, கடலை வாடிப்போனது. நேரில் போய் நின்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, என் கெணறு, என் தண்ணி. மோட்டாரு போட என்னைய எதுக்குங்க கேக்கணும்?"

பதில் வராவிட்டால் 'போடு' என்று மாற்றிவிடலாம் என ஆபீஸில் முடிவானது. எனக்கு அரை மனசுதான். ஆனாலும் மாற்றி எழுதினேன்.

கரண்டுதான் இல்லையே

புதுப் புரோகிராமை முதலில் பழனிவேல் பெட்டியில் ஏற்றத்தான் லேப்டாப்போடு போனேன். கிணற்று மேட்டில் அவர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சித்ரா, கையில் அவருடைய போன்.

கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாரில் குப்பை அடைத்திருக்கிறது. அதை எடுக்க, கரண்டுதான் இல்லையே என்று மெயின் சுவிட்சை அணைக்காமல் இறங்கிவிட்டார். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற காரியம்தான். அவர் தண்ணீருக்குள் இருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. மேட்டில் சட்டையோடு கிடந்த போனில் 'மோட்டார் போடவா?' என்று வந்ததை அந்தம்மா பார்த்து, ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு அவரை மேலே கூப்பிட்டிருக்கிறார்.

முந்தின நாளே வந்து அந்தப் புரோகிராமை ஏற்றியிருந்தால்? லேப்டாப் பையை நான் திறக்கவே இல்லை.

சித்ரா சொன்னார்: "அது கேக்காம போட்டிருந்தா, நீங்க இன்னைக்கு கேதம் கேக்கத்தான் வந்திருப்பீங்க."

எங்கள் தொழிலில் பாராட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. பெட்டி வாங்கினவர் உயிரோடு இருந்து திட்டினால், அதைத்தான் பாராட்டாக வைத்துக்கொள்ள வேண்டும்.