கண்ணாடிச் சட்டத்துக் கோலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அண்ணி இருந்தவரை எழுத மனம் வரவில்லை. அண்ணன் இருந்தவரை அவரே ஒருநாள் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். இப்போது அவருடைய முதல் வருஷத் திதிக்கு வரும் இந்த நினைவு மலரில், பெருமாளை வேண்டிக்கொண்டு, அவருடைய ஒரே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது குன்னத்தில். அப்பா மானாவாரியில் பருத்தி போட்டவர். மழை பொய்த்த ஒரு வருஷம் அண்ணன் அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்தார். மற்றவர்கள் கதவும் கட்டிலும் செய்ய, அவருக்குச் சித்திர அறுப்பில்தான் பித்து. மெல்லிய பலகையில் படம் போட்ட காகிதத்தை ஒட்டி, நூல் போன்ற வாளால் பூவும் கொடியுமாக அறுத்தெடுக்கும் வேலை அது. யுத்த காலத்தில் சீமை வாள் வரவில்லை. பழுதான கடிகாரத்தின் சுருளைச் சூடு காட்டி நீட்டி, சின்ன அரத்தால் பல் வைத்து, கொல்லர் வளைத்துக் கொடுத்த இரும்பு வில்லில் மாட்டிக்கொண்டார். பலகைக்குத் தேயிலைப் பெட்டிகளை உடைத்தார்.

கலியாணம் நிச்சயமானதும் அண்ணிக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி செய்ய ஆசைப்பட்டார். அதன் சட்டத்துக்கு என்னிடம் சிக்குக் கோலம் கேட்டார். காகிதத்தில் போட்டுக் கொடுத்தேன். அவர் கோட்டின்மேலேயே அறுத்துவிட, பலகை துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. முகம் வாடி வந்தவரிடம் நான்தான் சொன்னேன்:

"கோட்ட ஏண்ணே அறுக்கற? புள்ளியில ஓட்டை போட்டு வாளை உள்ள வுடு. புள்ளி இருக்கற எடத்த எடு. கோடு தானா நிக்கும்."

கோட்டைப் பட்டையாக்கி வேறு காகிதத்தில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் துளையிட்டு, வாளை ஒரு முனையில் கழற்றி நுழைத்து, மறுபடி மாட்டி அறுத்தார். சிக்கு அறுபடாமல் நின்றது.

உடையார்பாளையத்திலிருந்து வந்த அண்ணிக்குக் கோலம் வராது. வந்த புதிதில் அவர் வாசலில் மாவைச் சிந்தி நின்றதைப் பார்த்து அம்மா, "ஏம்மா, உங்க வூட்டுக்கு வாசலே கெடையாதா?" என்று கேட்டுவிட்டார். அண்ணி அழுதார். அண்ணன் உள்ளே போய், அம்மா அதுவரை பார்த்திராத அந்தக் கண்ணாடியை எடுத்து வந்தார்.

"இது அவ போட்ட கோலந்தாம்மா" என்றார்.

அம்மா நம்பவில்லை. நாளைக்கு வாசலில் போடட்டும், பார்க்கலாம் என்றார். அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "விடியறதுக்கு முன்ன நீ போட்டுடு தாயி" என்றார்.

போட்டேன். மகாலட்சுமி வரும் வாசல் என்பதால் ஒரு சுழி பிசகாமல் போட்டேன். அம்மா வந்து பார்த்து, அண்ணியின் முகத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்கு முறித்திருக்க வேண்டிய நெட்டி அது. மாவுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அண்ணன் சொந்தப் பட்டறை வைத்தார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சுவாமிக்கு விளக்கேற்றாமல் ஒருநாளும் வாளைத் தொட்டதில்லை. யாரையும் வைததில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கண்ணாடியைப் பார்த்து, அண்ணியின் கோலத்தில் மயங்கி அண்ணன் அறுத்தது என்று சொல்லிச் சொல்லி, பேரப்பிள்ளைகளுக்கு அதுவே கதையாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கோயிலில் நின்று வேண்டியும் பார்த்தேன், அடங்கவில்லை.

அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது, "இப்பவாச்சும் சொல்லிடுண்ணே" என்றேன்.

"ஒனக்கு எத்தனையோ கோலம் வரும் தாயி. அவளுக்கு அது ஒண்ணுதான்" என்றார்.

அந்தப் பதிலும் எனக்கு ஆறவில்லை.

கடைசிவரை முகம் சுளிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், தூக்கிவிட ஓடிவந்த பட்டறைப் பிள்ளைகளுக்கும், காரியத்தில் கூட நின்ற பங்காளிகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அண்ணனைப் பெருமாள் தன் திருவடியில் வைத்துக்கொள்ளட்டும்.

அறுத்தது அண்ணன். கோலம் என்னுடையது. அதை அண்ணிக்குக் கொடுத்தது அண்ணன்தான், நான் இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒரு புள்ளிகூடக் கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள்.